அணு உலையும் மருமகளின் மேல்மாடியும்

என் தங்கச்சி மகளின் கலியாணத்தை அணு மின்சாரத்தைக் கொண்டு நிறுத்தியவன் நான். இதைச் சொன்னால், மின்வெட்டில் பந்தல் விளக்கு அணைந்துபோயிருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியென்றால் பழியைப் போட வேறு ஆள் கிடைத்திருக்கும். இது முழுக்க முழுக்க என் வாயால் நடந்தது.

கொழும்பில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் எரிசக்திக் கொள்கையை ஆராய்ந்தே என் தலை நரைத்தது. என் தனித்துறை, அணுமின் நிலையங்களின் பொருளியல். நம் நாட்டில் ஓர் அணுமின் நிலையமும் கிடையாது. (கல்முனைக் கடற்கரையில் பனிச்சறுக்கு வாத்தியார் வேலை பார்ப்பதைப் போன்றது.) மறுத்துப் பேச ஆளில்லாததால் நான் பெரிய நிபுணன் ஆனேன். ஓய்வு பெற்றுச் சாய்ந்தமருதுக்குத் திரும்பியதும் ஊர் எனக்குக் 'கரண்டு சேர்' என்று பெயர் வைத்தது. நான் கொள்கை ஆய்வாளன் என்று விளக்கினேன். "சரி சேர், அந்தக் கொள்கைய முடிச்சிப்போட்டு எங்கட ஃபியூஸ ஒருக்காப் பாருங்களன்" என்றார்கள்.

பொருளாதார நெருக்கடியும் மின்வெட்டும் வந்த பிறகு, நாட்டுக்கு அணுமின் நிலையம் வேண்டுமா என்று பத்திரிகைகள் கேட்கத் தொடங்கின. ஊர் வாசகர் வட்டம் என்னைப் பேச அழைத்தது. எனக்குப் பெருமை. என்னைவிடப் பெருமை தங்கச்சி பரீதாவின் கணவர் நசீருக்கு. "எங்கட மச்சான் பேசுறார், வந்து கேளுங்க" என்று வீடு வீடாக, பக்கத்து ஊர்வரைக்கும் போய்ச் சொன்னார்.

நசீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டைப் பெண்ணைப் பெற்றவர் கட்டிக் கொடுக்க வேண்டும். மூத்த மகள் றிஸ்னாவுக்காக நசீர் கட்டாரில் லொறி ஓட்டி, பள்ளிக்கூடத்தடி மூலையில் வீடு தொடங்கினார். அத்திவாரம் போட்டபோது அவள் பள்ளிக்கூடச் சிறுமி. இப்போது அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. சம்மாந்துறையில் மாப்பிள்ளை பேசிய பிறகு, திட்டத்தில் ஒரு மேல்மாடியும் சேர்ந்தது. கீழ்வீட்டுக்குப் பூச்சு முடியுமுன்னே மேலே தூண்கள் எழும்பின. அந்த நேரம் பார்த்துச் சீமெந்து விலையும் எழும்பியது. தூண்கள் அப்படியே நின்றன. வீடு முடிந்தால்தான் கலியாணம் என்பது பேச்சு.

மாப்பிள்ளை பேசிய நாளில் நான் போகவில்லை. அன்று சிறிய அணு உலைகளைப் பற்றி ஓர் இணையவழிக் கருத்தரங்கு இருந்தது. ஆகவே மாப்பிள்ளையின் வாப்பாவை எனக்கு முகம் தெரியாது.

கூட்டம் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு. முன்வரிசையில் நசீர் வெள்ளைச் சட்டையோடு இருந்தார். நான் திரையில் வரைபடம் போட்டேன். அணு உலையைக் கட்டத்தான் பெருஞ்செலவு, ஓட்ட அவ்வளவு செலவில்லை என்றேன். ஒரே இரவில் கட்டி முடித்தால் எவ்வளவு ஆகுமோ அதைத்தான் துறையில் அடிப்படைச் செலவாக எடுப்பார்கள் என்றேன்.

"ஒரே ராவிலயா? ஆர் சேர் கட்டுற, ஜின் பூதமா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மண்டபம் சிரித்தது. நான் வட்டியைப் பற்றித் தொடர்ந்தேன். மண்டபம் தூங்கத் தொடங்கியது. ஒருவரின் தொப்பி மடியில் விழுந்தது. எனக்குப் பதற்றம் வந்தது. விளங்குகிற மாதிரி ஓர் உதாரணம் வேண்டும். நாக்கில் முதலில் வந்ததைப் பிடித்துக்கொண்டேன்.

"பள்ளிக்கூடத்தடி மூலையில் ஒரு வீடு நிற்கிறதே, பார்த்திருப்பீர்கள். அதுதான் அணு உலை!"

தூங்கியவர்கள் விழித்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவர் நசீர். பாவம், எந்த வீடு என்று அவருக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

வாழ்நாளில் என் பேச்சுக்கு யாரும் சிரித்ததில்லை. அந்த மயக்கம் தலைக்கேறியது. "காசு முழுக்க முதலிலேயே போய்விடும். ஒரு நாள்கூட ஆள் குடியிருக்காது, ஒரு விளக்குக்கூட எரியாது. நாள் போகப் போக வட்டி வளரும். அது போதாதென்று பாதியில் மேலிடம் வந்து, திட்டத்தை மாற்று, மேல்மாடியும் வேண்டும் என்று சொல்லும்!" கைதட்டல். நசீர் சிரிப்பை நிறுத்தி, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைக் கண்டேன். கண்டும் நிறுத்தவில்லை. என் தவறு அந்த இடத்தில்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் விபத்து.

கேள்வி நேரத்தில், தோளில் சால்வை போட்ட ஒரு பெரியவர் எழும்பினார்.

"சேர், அந்த உலை முடியிற பாடில்லையெண்டா, அதுக்குக் காத்திருக்கிற ஆக்கள் என்ன செய்யணும்?"

எவ்வளவு அருமையான கேள்வி! மேசையைத் தட்டிச் சொன்னேன்: "போன காசையும் போன காலத்தையும் நினைத்துக்கொண்டு இருக்கக் கூடாது ஐயா. கெட்டிக்காரன் எழும்பிப் போய்விடுவான்!"

"நல்ல விளக்கம் சேர்" என்று சொல்லிவிட்டு அவர் எழும்பிப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை பரீதா வந்தாள். வாசலிலேயே நின்று அண்ணனான என்னைக் கூப்பிட்டாள்.

"காக்கா, சம்மாந்துறையால ஆள் வந்த. சம்பந்தத்த விட்டுட்டாங்களாம்."

"அல்லாஹ்வே! ஏனாம்?"

"நீங்கதானாம் எழும்பிப் போகச் சொன்ன!"

குசினி அடுப்படியிலிருந்து என் மனைவி, "ஒரு மனிசனுக்கு இவ்வளவு படிப்பு கூடா எண்டு நான் அப்பவே சொன்னன்" என்றாள்.

நசீர் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். றிஸ்னா கதைத்தாள். அது அதைவிடக் கடினமாக இருந்தது. "மாமா, ஸ்டாஃப் ரூமுக்குள்ள போனா, உலை எப்ப திறக்கிற எண்டு கேக்குறாங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை. அந்த மாப்பிள்ளைப் பொடியனை அவளுக்குப் பிடித்திருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பஸ் ஏறிச் சம்மாந்துறைக்குப் போனேன். மாப்பிள்ளையின் வாப்பா காதர் போடியார், வயல்காரர், நெல் காயப்போட்ட முற்றத்தில், கூட்டத்தில் கேள்வி கேட்ட அதே சால்வையோடு நின்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அதோடு விட்டிருக்கலாம். பொருளியலையும் கொண்டு போயிருந்தேன். "போன செலவை மறக்க வேண்டும் என்பது பாதி உண்மைதான் போடியார். இனி ஆகும் செலவையும் இனி வரும் பயனையும் பார்க்க வேண்டும். முக்கால்வாசி முடிந்த உலை என்றால் முடிப்பதுதான் புத்தி."

"இத அண்டைக்கு ஏன் சொல்லல்ல?"

"அன்றைக்கு நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது."

"அப்ப ஆளைப் பார்த்துத்தான் சேர் படிப்புச் சொல்லுறீங்களா?"

எத்தனையோ சர்வதேச மாநாடுகளில் கேள்விகளைச் சமாளித்தவன், குனிந்து அவருடைய நெல்லைக் கிளறிவிடத் தொடங்கினேன்.

"மேல்மாடி நாங்க கேக்கல்ல" என்றார் போடியார். "ஒங்கட மச்சான்தான் ஆசையில சொன்னார். நான் வேணாமெண்டு சொல்லல்ல. அது என்ட பிழ. ஆனா நீங்க எங்கள ஊருக்கு முன்னால பேராசக்காரராக்கிட்டீங்க. மைக்கில சொன்னத மைக்கில எடுங்க. மற்றத மறுகா பார்ப்பம்."

வாசகர் வட்டத்திடம் இன்னொரு கூட்டம் கேட்டேன். தலைப்பு என்ன என்றார்கள். திருத்தம் என்றேன். முதல் கூட்டத்தைவிட இரண்டு மடங்கு சனம், ஒருவரும் தூங்கவில்லை. வரைபடம் எதுவும் போடவில்லை. "அந்த வீடு என் மச்சான் நசீர் வெயிலில் உழைத்துக் கட்டும் வீடு. அதைக் கேலியாக்கியது நான். மேல்மாடியை யாரும் கேட்கவில்லை. நான் கைதட்டலுக்கு ஆசைப்பட்டுப் பொய் சொன்னேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் நசீரின் கதிரை காலியாக இருந்தது. போடியார் வந்திருந்தார். போகும்போது, "மேல்மாடி வேணாம். கீழ மட்டும் பூசி முடிக்கச் சொல்லுங்க" என்றார்.

கலியாணம் நடந்தது. "காக்கா, மைக் இருக்கிற பக்கம் மட்டும் போயிராதீங்க" என்று பரீதா எச்சரித்தாள். என்னை, பலர் சேர்ந்து உண்ணும் சோற்றுச் சகன் தட்டுகள் வைக்கும் இடத்தில் நிறுத்தினார்கள். நசீர் எனக்கு ஸலாம் சொன்னார். அவ்வளவுதான்.

பல மாதம் கழித்து ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மச்சான், சின்னவளுக்கும் வீடு தொடங்கணும். இப்பயே தொடங்கவா, சாமான் விலை இறங்கட்டுமா? ஒங்கட படிப்பு என்ன சொல்லுது?"

வாய் தானாகத் திறந்தது. வட்டி, விலைவாசி, எல்லாம் வரிசையில் வந்து நின்றன. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியா மச்சான். சுவருக்குத் தண்ணி ஊத்த ஆள் வேணுமெண்டா நான் வாறன்."

நசீர் சிரித்தார். "இவ்வளவு படிச்சதுக்கு இப்பதான் ஒழுங்கான பதில் ஒண்டு வந்திருக்கு."

இப்போது தினமும் காலையில் சின்னவளுக்கு வீடு கட்டும் வளவில் ரப்பர் குழாயோடு நிற்கிறேன். வீதியால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, "சேர், வீடு எப்ப முடியும்?" என்று வேண்டுமென்றே கேட்கிறார்கள். நான் சுவரைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறேன். சாரத்தின் மேல் நிற்கும் மேசன்தான் எனக்காகச் சத்தம் போட்டுச் சொல்கிறார்: "அவருக்குத் தெரியாவாம்!"