கண்ணுள்ள வண்டிக்கு ஓர் உறை

மனிதர்களில் உறைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. தேடி அலைய வேண்டாம், தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். ஒரு பொருளை வாங்குவதோடு நமக்கு வேலை முடிகிறது. அவர்களுக்கு அங்கேதான் தொடங்குகிறது. சோபா வாங்கினால் அதன் மேல் துணி, துணி அழுக்காகாமல் இருக்க அதன் மேல் பிளாஸ்டிக், பிளாஸ்டிக் கிழியாமல் இருக்க அதன் மேல் பழைய போர்வை என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் வந்த விருந்தாளி உட்கார்ந்ததும் மூன்றும் சேர்ந்து வழுக்கி அவரைத் தரையில் இறக்கிவிடும். சோபா என்ன நிறம் என்று அந்த வீட்டம்மாவைக் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசிப்பார்.

இத்தனை காலம் இவர்களால் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. ஏனென்றால் சோபாவுக்குக் கண் கிடையாது. இப்போது வருகிற கார்களுக்கு இருக்கிறது. அங்கேதான் வந்தது வினை.

நான் கார் பட்டறை வைத்திருக்கிறவன், அதனால் சொல்கிறேன். முன்கண்ணாடியின் உச்சியில் ஒரு கேமரா இருக்கும். சாலையில் போட்ட கோட்டையும் குறுக்கே வரும் ஆளையும் அது பார்க்கும். முன்பக்கத்தில் ரேடார் ஒளிந்திருக்கும். முன்னே போகிற வண்டி எத்தனை தூரத்தில், என்ன வேகத்தில் என்று அது அளக்கும். பம்பரில் சட்டைப் பொத்தான் மாதிரி வட்ட வட்டமாகச் சென்சார்கள். கிட்டத்தில் சுவரோ ஆளோ இருந்தால் அவை கத்தும். இவை சொல்வதைக் கேட்டுத்தான் வண்டி தானாகப் பிரேக் போடுகிறது. மந்திரம் ஒன்றும் இல்லை. கண் தெரிந்தால் நிற்கும். தெரியாவிட்டால் நம்மைப் போலத்தான், போய் இடிக்கும்.

எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் உறைக்காரர்களில் முதல் தரம். அவர் மகளுக்குப் புதிதாக லைசென்ஸ் வந்திருந்தது. திங்கட்கிழமையிலிருந்து நெடுஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டர் தனியாக ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போக வேண்டும். அந்தப் பயத்தில் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. அலைந்து திரிந்து, தானாகப் பிரேக் போடும் வண்டியாகப் பார்த்து வாங்கினார். "பொண்ணு அசந்தாலும் வண்டி அசராது தம்பி" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. அதை நான் கேலி செய்யமாட்டேன். அடுத்து அவர் செய்ததைக் கேலி செய்யாமல் விடமாட்டேன்.

முதல் நாள், மகள் முகத்தில் வெயில் படக்கூடாது என்று முன்கண்ணாடியின் மேலே ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை ஒட்டினார். கேமரா அதற்குள் போயிற்று. கேமரா மறைந்திருக்கிறது என்று வண்டி திரையில் எழுதிக் காட்டியது. இவர் அதை ஏதோ மரியாதைக்குச் சொல்கிறது என்று நினைத்து 'சரி'யை அமுக்கிவிட்டுப் போனார். மறுநாள் முன்பக்கத்துக்கு இரும்புக் காப்பு, பெருவிரல் கனத்துக் கம்பியில். ரேடார் ஜெயிலுக்குள் போயிற்று. அதற்கு மறுநாள் பின்பக்கப் பம்பருக்கு மெத்தை வைத்துத் தைத்த உறை, பின்னால் இருக்கும் கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. உறை பட்டதும் சென்சார்கள் விடாமல் கத்தின. கத்தாதா? உங்கள் முகத்தில் ஒருவன் தலையணையை வைத்து அமுக்கினால் நீங்கள் பாட்டா பாடுவீர்கள்?

நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, இது ரொம்பத் தொணதொணக்குது. இந்தச் சத்தத்தை நிறுத்து."

"உறையைக் கழட்டுங்கண்ணே, தானா நிக்கும்."

"கழட்டினா கீறல் விழுமே."

"கீறல் விழக்கூடாதுன்னுதான் அது கத்துது."

"உனக்கென்ன, நீ நசுங்கின வண்டியாப் பார்த்தே பழகினவன்."

நான் கை வைக்க மறுத்துவிட்டேன். அவர் விடுவாரா? வண்டியோடு வந்த புத்தகத்தைப் பிரித்து, சென்சார்களை மூடாதீர்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த பக்கத்தைப் புரட்டித் தள்ளி, சத்தத்தை அடக்கும் பொத்தான் எது என்ற பக்கத்தை மட்டும் கவனமாகப் படித்து, அதை அமுக்கிவிட்டார். வண்டி வாயை மூடிக்கொண்டது, கூடவே பின்பக்கச் சென்சார்களும் அணைந்துபோயின.

ஞாயிற்றுக்கிழமை காலை பெண்டாட்டி, மகள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கே வந்தார். வண்டி எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று எனக்குக் காட்ட வேண்டுமாம். மகளைப் பின்னால் எடுக்கச் சொல்லிவிட்டு, பழைய டயர் குவியலுக்கு முன்னால் இவர் போய் நின்றார்.

"அண்ணே, அங்க ஒரு அட்டைப்பெட்டியை வைப்போம். நீங்க வாங்க இப்படி."

"நாளைக்கு எம் பொண்ணு நம்பிப் போற வண்டி. நானே நம்பலைன்னா எப்படி? நீ வாம்மா."

"அப்பா, திரையில ஒரே பனியா இருக்கு. நகருங்கப்பா."

"உனக்குத் தெரியாட்டி என்ன? வண்டிக்குத் தெரியும். வா."

வந்தது. நடை வேகம்கூட இல்லை, ஊர்ந்துதான் வந்தது. நான் பின்பக்கத்தைத் தட்டிக் கத்திக்கொண்டே ஓடினேன். அவள் பிரேக்கை மிதிப்பதற்குள் மெத்தை உறை அவர் முழங்காலைத் தொட்டு, தள்ளி, டயர்களின் மேல் பதமாக உட்கார வைத்துவிட்டது. அடி ஒன்றும் இல்லை. மெத்தை தைத்தவன் நல்ல வேலைக்காரன்.

பெண்டாட்டி இறங்கி வந்து ஏற இறங்கப் பார்த்தாள். "எல்லாத்துக்கும் போட்டாரு, இவருக்கு ஒண்ணு போட்டுக்க மறந்துட்டாரு."

மகள் ஸ்டியரிங்கை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. அவர் தன் முழங்காலைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"தம்பி, முன்னாடியும் இப்படித்தானா?"

"முன்னாடி இதைவிட மோசம். கேமரா பட்டைக்குள்ள, ரேடார் இரும்புக்குள்ள. நாளைக்கு முன்னால போற லாரி சட்டுனு நின்னா, பாப்பா ஒருத்திதான் பார்க்கணும். வண்டிக்குத் தெரியாது."

அவர் எழுந்தார். என்னைத் தொடவிடவில்லை. பட்டையைத் தன் நகத்தாலேயே சுரண்டி உரித்தார், உறையைக் கத்தியால் அறுத்தார், இரும்புக் காப்பின் ஆறு போல்ட்டையும் வியர்க்க வியர்க்கத் தானே கழற்றினார். சத்தத்தைத் திரும்ப வைத்து, கம்ப்யூட்டரை மாட்டி எல்லாக் கண்ணும் திறந்திருக்கிறதா என்று நான் பார்த்துச் சொன்னேன். பிறகு அட்டைப்பெட்டியை வைத்து மகளைப் பின்னால் வரச் சொன்னோம். நாலடிக்கு முன்பே வண்டி ஊரைக் கூட்டியது. இன்னும் கொஞ்சம் வந்ததும் தானே நின்றது. அந்த இரைச்சலைக் கேட்டு ஒரு மனிதர் அவ்வளவு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் மகள் முழுசாக வீடு வந்து சேர்ந்தாள். வழியில் ஒரு தடவை வண்டி தானாகப் பிரேக் போட்டதாம். எங்கே, எதற்கு என்று அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள், நானும் சொல்லப்போவதில்லை. அவர் வேறு ஒரு விஷயம் கேட்க வந்திருந்தார்: ரேடார் பார்க்கிற மாதிரி கண்ணாடிப் பேப்பரில் ஏதாவது உறை வந்திருக்கிறதா என்று.

சிரிக்கிறீர்கள். சரி, இந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள். வாங்கிய அன்றைக்கே பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, மேலே பிளாஸ்டிக்கும் சுற்றி, என்ன புத்தகம் என்று உங்களுக்கே மறந்துபோயிருக்கிறதா? போகட்டும், புத்தகத்துக்குப் பின்னால் யாரும் நிற்கப்போவதில்லை.