அபாயம் அறியாத கம்ப்யூட்டர்

1997-ம் வருஷம் மயிலாப்பூரில் ஓர் அரசு பிரசவ ஆஸ்பத்திரிக்கு, வயிற்றிலிருக்கும் குழந்தையின் நலத்தைக் கண்டறிந்து அறிவிக்கும் பொருட்டு ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, ஏ.சி. அறையில் அமர்த்தினார்கள். பிரசவ வார்டுக்கு மின்விசிறி கேட்டு நர்ஸ் ஜானகி எழுதிய மனு மூன்று வருஷமாகப் பரிசீலனையில் இருந்தது.

பழைய இதயத்துடிப்புப் பதிவுகளை ஆயிரக்கணக்கில் காட்டினால் அது தானே பாடம் கற்றுக்கொள்ளும் என்றார் அடையாற்றிலிருந்து வந்த இன்ஜினீயர் அச்யுத். கற்றுக்கொண்டது. அன்று முதல் எந்த வயிற்றில் அதன் துடிப்பு பார்க்கும் பட்டையைக் கட்டினாலும் ‘நலம்’ என்றது. கண்காணிப்பாளர் டாக்டர் அனந்தராமனுக்குப் பரம திருப்தி. கம்ப்யூட்டர் ‘அபாயம்’ என்று தெரிவித்தாலொழிய அவசர ஆபரேஷன் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை நொச்சிக்குப்பத்துத் தேசம்மா வலியோடு வந்தாள். ஜானகி அவள் வயிற்றில் குழல் வைத்துக் கேட்டாள். குழந்தையின் துடிப்பு இறங்கிக்கொண்டே போனது. கம்ப்யூட்டர் ‘நலம்’ என்றது. ஜானகி டாக்டரிடம் ஓடினாள்.

“சார், குழந்தை தாங்காது.”

“கம்ப்யூட்டர் என்ன சொல்றது?”

“நலம்னு சொல்லுது.”

“அப்புறம் என்ன?”

அன்று கம்ப்யூட்டரைப் பார்க்க வந்திருந்த அச்யுத்தை ஜானகி பிடித்து, இதற்கு அபாயமே தெரியாதா என்று கேட்டாள். அவர் நெளிந்துகொண்டே உள்ளதைச் சொன்னார். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பதிவு விசாரணை ஃபைலோடு மேலிடத்துக்குப் போய்விடும்; திரும்பி வருவதில்லை. ரெக்கார்டு அறையில் மிஞ்சியவை எல்லாம் சுகப்பிரசவங்கள். அவற்றைத்தான் கம்ப்யூட்டர் படித்திருக்கிறது.

ஜானகி நேரே போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள்.

“சார், கம்ப்யூட்டர் வேலை செய்யல.”

டாக்டர் முகம் வெளுத்தது. “அப்படின்னா இப்ப நானே பார்த்தாகணுமே” என்றார். கண்காணிப்பாளரான பத்து வருஷத்தில் முதல் முறையாகக் குழலைக் காதில் வைத்தார். கேட்டவர் தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லி ஓடினார். நல்ல டாக்டர்தான், பாவம். அது அவருக்கே மறந்துபோயிருந்தது.

அரை மணியில் ஆண் குழந்தை பிறந்து, வார்டே அதிர அழுதது. ஜானகிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் தேசம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ சாமி மாதிரிக்கா. இன்னும் ஒரே ஒரு ஒத்தாச பண்ணு. எதுக்கும் அந்தக் கம்ப்யூட்டராண்ட ஒரு வாட்டி காட்டிடு. கொயந்த நல்லா கீதுன்னு அது ஒரு வார்த்த சொல்லிட்டா நிம்மதியா பூடுவேன்.”

வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்த குழந்தைக்குப் பட்டையைக் கட்டினார்கள். வார்டு முழுக்கக் கூடிவிட்டது. டாக்டரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரையில் ‘நலம்’ என்று வந்தது.

‘அப்பாடா’ என்று முதலில் பெருமூச்சு விட்டது ஜானகிதான்.