சுவருக்கு ரெண்டு வேளைத் தண்ணீர்

உலகில் சுவர்கள் பல உண்டு. நாள் தவறாமல் இரண்டு வேளை குளித்த சுவர், புதூர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பழைய சத்திரத்துச் சுவர் ஒன்றுதான். எங்கள் குழாயில் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும். இதில் பொறாமைப்பட ஒன்றுமில்லை. அது 'மரபுச் சின்னம்'. நாங்கள் வெறும் குடியிருப்போர்.

மூன்று வருஷம் முன்பு அந்தச் சுவருக்குக் கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பைப் பூசினார்கள். பூச்சு வெடிக்காமல் இறுகத் தொடக்கத்தில் சில நாள் நனைக்க வேண்டுமாம். மேற்பார்வையாளர் முத்துகிருஷ்ணன் உத்தரவு போட்டார்: 'சுண்ணாம்பு பூசிய பரப்பு அனைத்துக்கும், மறு உத்தரவு வரும்வரை, காலை மாலை நீர் தெளிக்கவும்.' தினம் ஒரு லாரித் தண்ணீரும் ஏற்பாடானது. மறு உத்தரவு மட்டும் வரவே இல்லை.

நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து சுவரில் உப்புப் பூத்தது. பிறகு பூச்சு கொப்பளித்தது. விரல் வைத்தால் மாவாக உதிர்ந்தது. முத்துகிருஷ்ணன் வந்து ஆழ்ந்து 'ஆய்வு' செய்தார்.

"ஏன்வே உதிருது?"

"தண்ணி கூடிப்போச்சோ, சார்?" என்றார் தண்ணீர் தெளிக்கும் மாரிசெல்வம்.

"நீரு இஞ்சினியரா?"

"இல்ல சார்."

"அப்ப தண்ணி பத்தலை. இன்னும் நல்லா அடியும்."

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு வெயிலம்மாள் வெறுங்குடத்தோடு வந்து நின்றாள். எங்கள் தெருவுக்காகக் குடிதண்ணீர் கேட்டுப் பதினொரு மனு கொடுத்தவள்.

"ஏலே மாரிசெல்வம், ஒரு கொடம் ஊத்துலே. பேத்தி மறுவீடு வந்திருக்கா. மாப்பிள்ளை சாப்பிட்ட கையோட உக்காந்திருக்காரு."

"உத்தரவுல உங்க கொடம் இல்லியே, பெரியம்மா. ஊத்துனா எம் வேலை போயிரும்."

"உத்தரவுல என்னதாம்லே இருக்கு? வாசி."

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து வாசித்தார். வெயிலம்மாள் விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். பொங்கலுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பைக் குடம் முழுக்கப் பூசிக்கொண்டு திரும்பினாள்.

"இது என்ன பரப்பு?"

"சுண்ணாம்பு பூசுன பரப்பு."

"தெளி."

"வெளியதான பூசியிருக்கு, பெரியம்மா?"

"நீ வெளியவே தெளி. உள்ள போனா அது கொடத்துக்கும் தண்ணிக்கும் உள்ள பேச்சு. நமக்கென்ன?"

மாரிசெல்வம் உத்தரவை மறுபடி வாசித்தார். தப்பு ஒன்றும் தென்படவில்லை. தெளித்தார். மாப்பிள்ளை கை கழுவினார்.

மறுநாள் எங்கள் தெருவில் பச்சைக் குடம், சிவப்புக் குடம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் வெள்ளை. நானே ரெண்டு பூசினேன். வரிசையில் கடைசி ஆளாகச் சுவர் நின்றது. அதன் முறை வருவதற்குள் லாரி காலியாகிவிடும்.

ஆறு மாதத்தில் சுவர் நன்றாகக் காய்ந்தது. உதிர்ந்த இடத்தில் மறுபடி பூசி, நாலே நாள் சுவரை வரிசையில் முன்னால் விட்டு நனைத்ததும் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆய்வுக்கு வந்த முத்துகிருஷ்ணன் தட்டிப் பார்த்தார். 'டங்'கென்றது.

"பாத்தீரா? தண்ணியை விடாம அடிச்சதுக்குப் பலன்!"

"ஆமா சார். ஒரு நாளும் நிறுத்தல."

"அங்கன என்ன, வெள்ளை வெள்ளையா கொடம்?"

"மரபு, சார்," என்றாள் வெயிலம்மாள். அவர் மகிழ்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்.

அவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். தவறு எங்களுடையதுதான். பதினொரு மனுவிலும் 'நாங்கள் மனிதர்கள்' என்றே எழுதிக்கொண்டிருந்தோம். சுவர் ஒரு மனுகூடக் கொடுக்கவில்லை.