மீசை வரை தெரிந்த சிறுத்தை

ஒரு காட்டில் செண்பகவல்லி என்ற பெண்மான் இருந்தாள். அவளுடைய கணவனைக் குளக்கரையில் வைத்து ஒரு சிறுத்தை அடித்துத் தின்றது. காட்டில் இது புதிதில்லை. ஆனால் குளத்து மரத்தில் கேமரா மாட்டியிருந்தார்கள். சிறுத்தைக்கு அது தெரியாது. வழக்கு கோர்ட்டுக்குப் போனது.

"முழு வீடியோவையும் பார்க்க நீதிபதிக்கு நேரமில்லை. தேவையானதை மட்டும் வெட்டி இரு தரப்பும் கொண்டுவரவும்" என்றது கோர்ட்.

செண்பகவல்லி எடிட்டர் ஜாம்புலிங்கத்திடம் ஓடினாள். கல்யாண வீடியோ வெட்டியே முடி நரைத்த கரடி அவர்.

"அவன் மூஞ்சி தெரியணும்ணே. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"அப்படின்னா கோடெக்கைப் பார்த்து எடுக்கணும்மா. கோடெக்னா வீடியோவைச் சுருக்கி வைக்கிற முறை. ரொம்பச் சுருக்குறதுல போட்டா, ஒவ்வொரு தடவை வெட்டி சேவ் பண்ணும்போதும் படம் கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப் போயிடும். கோர்ட்டுக்காரங்க ஒரு தடவையோட விடுவாங்களா? நான் பெரிய கோடெக்லயே பண்றேன். ஃபைல் மலை மாதிரி இருக்கும். படம் அப்படியே நிக்கும்."

கோர்ட்டுக்காரர்கள் விடத்தான் இல்லை. படத்தில் தேதியை மேலே போடு என்று இரு தரப்பையும் திருப்பி அனுப்பினார் கிளார்க் ஆமை. போட்டதும், கீழே போடு என்றார். பின்னால் குளித்துக்கொண்டிருந்த எருமையின் மானம் போகிறது, மறை என்றார். அவருக்கென்ன அவசரம்? இத்தனைக்கும் பிறகு கரடியின் படத்தில் சிறுத்தையின் மீசை முடி ஒன்றுகூட உதிரவில்லை. சிறுத்தையின் வக்கீல் நரியோ, செல்போனில் அனுப்பத் தோதான சின்னக் கோடெக்கிலேயே ஒவ்வொரு முறையும் சேவ் செய்தார். கடைசியில் சிறுத்தையின் புள்ளிகளெல்லாம் இலைகளோடு கலந்து, ஏதோ புதர் ஒன்று மான்மேல் பாய்வதுபோல் இருந்தது.

தீர்ப்பு நாளன்று நீதிபதி யானை இரண்டையும் பார்த்தார்.

நரி எழுந்தார். "கனம் கோர்ட்டார் அவர்களே, அந்தம்மா வீடியோல மீசையை எண்ணலாம். கண்காணிப்புக் கேமரா வீடியோ இவ்வளவு தெளிவா இருந்து யாராவது பார்த்திருக்கீங்களா? இது கம்ப்யூட்டர்ல செஞ்சது. எங்க வீடியோவைப் பாருங்க. என்னன்னே தெரியலை. அதுதான் ஒரிஜினல்!"

கோர்ட்டே தலையாட்டியது.

"வாஸ்தவம்தான்," என்றார் யானை. "நானும் எத்தனையோ கேஸ் பார்த்துட்டேன். உண்மையான சாட்சி எதுவும் இவ்வளவு தெளிவா இருந்ததில்லை."

"ஐயா, அது என் புருஷன்யா!" என்று கதறினாள் செண்பகவல்லி. "அவரைத் தின்ன மூஞ்சிதான்யா அது!"

போலி வீடியோ தயாரித்த கரடிக்குச் சிறை. கொலை செய்த புதருக்கு மரண தண்டனை. நிறைவேற்றும் பொறுப்பை ஆடுகளிடம் ஒப்படைத்தார்கள். அரசாங்க வேலையை இவ்வளவு ஆர்வமாகச் செய்தவர்களை அந்தக் காடு அதுவரை கண்டதில்லை.

மறுநாள் செண்பகவல்லி தண்ணீர் குடிக்கக் குளத்துக்குப் போனாள். ஒளிந்துகொள்ள அங்கே புதர் இல்லை. சிறுத்தை இருந்தது. கேமராவைப் பார்த்து மீசையை நீவிவிட்டுக்கொண்டது.

படம் மிகத் தெளிவாகப் பதிவாயிற்று.

நீதி: சிறுத்தை நடமாடும் இடத்தில் புதராக முளைக்காதே.