இருக்கையில் ஆள் இல்லை

மூன்றாவது முறையும் அந்தக் குட்டி லோடர் உறுமியதே தவிர, ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"ஈர்க்குச்சி, கம்பியை மடிமேல இறக்கினியா?" கீழே நின்ற பயிற்சியாளர் கேட்டார்.

"இறக்கிட்டேங்க."

"பெல்ட்டு?"

"போட்டுட்டேன்."

"அப்ப ஸீட்ல ஆளே இல்லன்னு நெனைக்குது. ஆள் உட்கார்ந்தா நகரும், எழுந்தா நின்னுடும். அதுக்குப் பேர்தான் பாதுகாப்பு."

ஒல்லி உடம்புக்கு 'ஈர்க்குச்சி' என்று பேர் வாங்கி, பதினொரு வருடங்களாக இந்த உப்புக் கிடங்கில் மண்வெட்டி பிடிப்பவன் அவன். அவனை ஆளாக மதிக்காதவர்கள் பட்டியலில் இப்போது ஓர் இயந்திரமும் சேர்ந்துகொண்டது.

எட்டுப் பேர் வாரிய உப்பை லோடர் தனியாக வாரிவிடும். ஓட்ட ஒருவன் போதும். நேற்றைய வாய்மொழித் தேர்வில் ஆறு பேர் கழிக்கப்பட்டார்கள். மிஞ்சியது அவனும் அவன் மைத்துனனும். இரண்டு வருடங்களுக்கு முன் மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் அவனே கூட்டிவந்து சேர்த்துவிட்ட பையன். இன்று சாயங்காலம் ஒருவன் ஆபரேட்டர், மற்றவன் வீட்டுக்கு.

ஆனாலும் பையன் நல்லவன். விடியற்காலையிலேயே வந்து லோடரைத் துடைத்துவைத்து, "நீங்க முதல்ல ஏறுங்க மாமா" என்று வழிவிட்டான். ஒரு காலை நொண்டிக்கொண்டிருந்தான்.

"என்னாச்சு மாப்ள?"

"நாய் மாமா. செருப்புக் குதிகாலைக் கடிச்சுத் தின்னுடுச்சு."

பயிற்சியாளர் இருவருக்கும் பூட்ஸ் கொடுத்தார். நொண்டல் நின்றது.

இப்போது மைத்துனன் லோடரருகே வந்து கிசுகிசுத்தான். "எடை பத்தல மாமா. தண்ணி குடிங்க."

ஈர்க்குச்சி இரண்டு பாட்டில் குடித்தான். லோடர் அசையவில்லை. அவன் மட்டும் அடிக்கடி இறங்கி ஓட வேண்டியிருந்தது.

"பாக்கெட்ல உப்பை ரொப்புங்க."

ரொப்பினான். பாக்கெட்டின் ஓட்டை வழியாக உப்பு பூட்ஸுக்குள் இறங்கி, காலிலிருந்த பழைய புண்ணைத் தேடிப்பிடித்தது. லோடர் அசையவில்லை.

"வீட்டுல சோறு போடறாங்களா இல்லையாய்யா?" என்றார் பயிற்சியாளர்.

"அக்கா நல்லாத்தான் போடுது சார்," என்றான் மைத்துனன் ரோஷமாக. அந்த நேரத்தில் அது இதமாக இருந்தது.

பயிற்சியாளர் போன் பேச ஒதுங்கியதும் மைத்துனன் பழைய தராசின் எடைக்கற்களைத் தூக்கிவந்தான். ஒவ்வொன்றும் இருபது கிலோ இரும்பு.

"மூணும் வேணுமா மாப்ள?"

"குறைச்சா மறுபடி நிக்கும் மாமா."

மூன்றையும் இருக்கையில் அடுக்கி, மேலே சாக்கை விரித்து உட்கார்ந்தான். தலை கூரையைத் தொட்டது. லோடர் நகர்ந்தது.

எல்லாம் ஒழுங்காகவே செய்தான். முன்னாலிருந்த இரும்புப் பக்கெட்டைத் தரையோடு தாழ்த்தி ஓட்டினான். உப்பை அள்ளினான். அவசரப்படாமல் திரும்பினான். பயிற்சியாளர் தூரத்திலிருந்து தலையாட்டினார். இன்று ராத்திரி வீட்டில் எப்படி இந்தச் செய்தியைச் சொல்வது என்றுகூட யோசித்தாயிற்று.

பின்னால் எடுக்குமுன் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது விதி. இரும்பின்மேல் உட்கார்ந்தவனுக்குத் திரும்ப இடமில்லை. எழுந்தால்தான் நின்றுவிடுமே என்ற நம்பிக்கையில் பெல்ட்டைத் தளர்த்தி, அரையாக எழுந்து பார்த்தான். முழங்கால் நெம்புகோலில் இடித்தது.

லோடர் நிற்கவில்லை. அறுபது கிலோ ஆள் ஒருவர் இன்னும் இருக்கையில்தான் இருந்தார்.

மேலாளர் அறையின் தகரச் சுவரைக் கிழித்து, மேசையை எதிர்ச்சுவரோடு ஒட்டிவைத்த பிறகே அது ஓய்ந்தது. நல்லவேளை, உள்ளே யாருமில்லை.

பயிற்சியாளர் சாக்கை விலக்கிப் பார்த்தார். கத்தவில்லை. "ஓட்டத் தெரியாதவனுக்குக் கத்துக்கொடுக்கலாம். பாதுகாப்பையே ஏமாத்தறவனுக்கு முடியாது. மண்வெட்டியை வெச்சுட்டுப் போ."

"ஒரே ஒரு தடவை சார்..."

"போ."

மெக்கானிக் வந்து இருக்கையைக் கழற்றிப் பார்த்து மாட்டினார். மைத்துனன் ஏறினான். லோடர் சொன்னபடி கேட்டது.

"விடுங்க மாமா," என்றான் மேலிருந்து. "நம்ம வீட்டுல ஒருத்தனுக்காவது கெடைச்சுதே."

அவனும் கைதட்டத்தான் செய்தான். தட்டும்போதுதான் ஓர் எண்ணம் ஓடியது: இவன் என்னைவிட ஒல்லியாயிற்றே.

துணியில் கையைத் துடைத்தபடி வந்த மெக்கானிக், ஒரு கறுப்பு ரப்பர் துண்டை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"ஸீட் இறங்கவிடாம இதை யாரோ அடியில சொருகியிருக்காங்கண்ணே. செருப்புக் குதிகால், கத்தி போட்டு நேரா வெட்டினது."