பழுது காத்த கமலக்கண்ணன்

உலகத்தில் பழுது பார்க்கும் கடைகள் எத்தனையோ உண்டு. பழுதைப் பாதுகாக்கும் கடை ஒன்றே ஒன்றுதான். அது புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில், ஒரு பரோட்டா கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருக்கிறது. 'பழைய பாஸ் கித்தார்கள் வாங்கப்படும், விற்கப்படும், ரிப்பேர் செய்யப்படும்' என்று பலகை சொல்லும். முதல் இரண்டும் நடக்கும். மூன்றாவதைச் செய்யாமல் விட்டதில்தான் அதன் உரிமையாளர் கமலக்கண்ணன் அவர்களின் பெருமை அடங்கியிருக்கிறது.

பாஸ் கித்தார் என்றால் நாலே நாலு தடித்த கம்பி. கச்சேரியில் அதன் சத்தத்தை யாரும் தனியாகக் கவனிக்க மாட்டார்கள். அது நின்றுபோனால் மட்டும், ஆடிக்கொண்டிருந்த கூட்டம் கால் தடுமாறி மேடையைப் பார்க்கும்.

கமலக்கண்ணனும் ஒரு காலத்தில் நம்மைப் போல சாதாரண மனிதராகத்தான் இருந்தார். வந்த கித்தாரைப் பிரிப்பார், விட்டுப்போன ஒயரை சால்டரிங் வைத்து ஒட்டுவார், வாங்கியவன் வாசிக்கப் போய்விடுவான். என்ன பிழைப்பு அது! ஒருநாள், உப்புக்காற்றில் துருவேறிக் கிடந்த ஒரு ஜப்பான் கித்தாரைத் தேய்த்து, கம்பி மாற்றிப் பளபளவென்று ஆக்கி, தெய்வநாயகத்திடம் விலைக்குக் காட்டினார். தெய்வநாயகம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஊரே அவரை, பிரெஞ்சில் 'ஐயா' என்று பொருள்படும் 'முசே' என்றுதான் கூப்பிடும். அவர் வீட்டில் ஓர் அறை முழுக்க பாஸ் கித்தார்தான். பார்த்த மாத்திரத்தில் முசே நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"மோன் தியே! கடவுளே! கொன்னுட்டீங்களே கமலக்கண்ணன்!"

"ஏன் முசே, நல்லாத்தானே வாசிக்குது?"

"வாசிக்குறதுக்கா கித்தார்? அந்தத் துரு இருந்துச்சே, அதாங்க அதோட வயசுக்கு சாட்சி! இப்ப இது வெறும் கித்தாருங்க."

அதே வாரம் ஆகாஷ் வந்தான். வீட்டிலிருந்தபடியே பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்க்கிற பையன். மூலையில் ஊமையாகக் கிடந்த ஒரு கித்தாரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை யாருமே ரிப்பேர் பண்ணலைல்ல? சத்தியமா?" என்று கேட்டு, கேட்ட விலையைக் கொடுத்து, குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு போனான். கமலக்கண்ணனுக்கு அன்றுதான் ஞானம் பிறந்தது. சால்டரிங் கோல் அலமாரிக்குள் போனது. மூவரும் சேர்ந்து 'புதுச்சேரி தொன்மை பாஸ் கித்தார் பாதுகாப்புச் சங்கம்' கண்டார்கள். தலைவர் முசே, பொருளாளர் ஆகாஷ், செயலாளர் கமலக்கண்ணன். மூவருக்கும் வாசிக்கத் தெரியாது என்பதால் சங்கத்தில் கருத்து வேறுபாடே எழுந்ததில்லை.

இப்படிச் சிறப்பாக நடந்துவந்த கடைக்கு ஒரு சோதனை வந்தது. அதன் பெயர் சிவசங்கரி.

குப்பத்துப் பெண். அம்மா மீன் விற்கிறாள். ஊர்த் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழு ஒன்றுக்கு பாஸ் வாசிப்பவள். தாய்மாமன் வைத்திருந்த கித்தார் அவள் கைக்கு வந்து, அதில்தான் வீட்டுக்கு அரிசி வருகிறது. தோளில் இருந்ததை இறக்கி மேஜை மேல் வைத்தாள்.

"அண்ணே, சத்தமே வரலைண்ணே. ஞாயித்துக்கெழம எங்க குப்பத்துல செடல் திருவிழா. கச்சேரி இருக்குது. அதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்துடுங்க."

கமலக்கண்ணன் பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். ஒரே ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. வலது கை தன்னையறியாமல் அலமாரிப் பக்கம் போனது. அப்போதுதான் மற்ற ஒயர்களின் சால்டரிங்கைப் பார்த்தார். எல்லாம் ஃபாக்டரியில் வைத்தது. இத்தனை வருஷத்தில் ஒருவர் கையும் படவில்லை. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"என்னாண்ணே, பெரிய வேலையா?"

"பெரிய விஷயம்மா. இதுல இதுவரைக்கும் யாருமே கை வைக்கல."

"அதுக்குத்தாண்ணே உங்ககிட்ட எடுத்தாந்தேன். நீங்க வைங்க."

"அப்படி எடுத்தோம் கவுத்தோம்னு செய்ய முடியாதும்மா. சங்கத்துல கூடிப் பேசணும்."

"ஒரு ஒயரு ஒட்டவாண்ணே சங்கம் கூடணும்?"

கமலக்கண்ணன் தகட்டைத் திரும்ப மூடினார். பெரிய மனிதர்கள் சின்னக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை.

"அண்ணே, பாஸ் இல்லாம போனேன்னா எங்க குழு மாஸ்டரு கீபோர்டுக்காரரையே எடது கையால வாசிக்கச் சொல்லிடுவாரு. ஒருவாட்டி அப்படிப் பழகிட்டாருன்னா அப்புறம் என்ன ஏன் கூப்பிடப் போறாரு? ஒரு ஆள் கூலி மிச்சம்ல? சரி, செவுரு பூரா மாட்டி வச்சிருக்கீங்களே, அதுல ஒண்ணு குடுங்க. முடிஞ்சதும் கொண்டாந்து குடுத்துடறேன்."

"தாராளமா எடுத்துக்கம்மா. எது வேணும்னாலும் எடுத்துக்க. ஆனா எதுலயும் சத்தம் வராது."

"ஒண்ணுலகூடவா?"

"சத்தம் வந்தா அப்புறம் அதுக்கு என்னம்மா மதிப்பு?" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

சங்கம் அவசரமாகக் கூடியது. கித்தாரை வெள்ளை வேட்டி விரித்து அதன் மேல் கிடத்தியிருந்தார்கள். முசே பூதக்கண்ணாடி வைத்து சால்டரிங்கைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். அவர் எழுந்ததால் ஆகாஷும் எழுந்தான்.

"இதோட டோனைப் பத்தி நான் மணிக்கணக்காப் பேசுவேன் முசே," என்றான் ஆகாஷ்.

"கேட்டிருக்கியா தம்பி?"

"கேட்டா பேச முடியாது முசே. கற்பனை போயிடும்."

இந்தப் பதிலில் சங்கமே சொக்கிப்போன நேரத்தில், நமது செயலாளருக்கு ஒரு பலவீனம் வந்தது. எத்தனை பெரிய மகானுக்கும் சறுக்கும் நேரம் ஒன்று உண்டல்லவா? அந்தப் பெண்ணின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முசே, ஒரு சின்ன வார்த்தை. அந்த ஒரு ஒயர மட்டும் ஒட்டிக் குடுத்துடலாமா? அந்தப் பொண்ணுக்கு அதான் பொழப்பு."

முசே பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"செயலாளர் பேசுற பேச்சா இது?" என்றார் முசே. "பொழப்பு இன்னிக்குப் போவும், நாளைக்கு வரும். ஃபாக்டரி சால்டரிங் போச்சுன்னா வருமா?"

கமலக்கண்ணன் கூனிக் குறுகிப்போனார். தான் சொன்னதை அவரே எழுந்து எதிர்த்துப் பேசினார். 'மேற்படி கருவியை எக்காரணம் கொண்டும் ஒலிக்கும் நிலைக்குக் கொண்டுவரலாகாது' என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

சனிக்கிழமை வந்து கேட்டவளிடம் 'கித்தார் கவனிப்பில் இருக்கிறது' என்று பதில் சொல்லப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை செடல் நடந்தது. சிவசங்கரி வெறுங்கையோடு மேடைக்கு ஓரமாக நின்றாள். கீபோர்டுக்காரர் இடது கையால் சமாளித்தார். குப்பத்து இளவட்டங்கள் கொஞ்சம் குறைவாக ஆடினார்கள், அவ்வளவுதான். மாஸ்டருக்கு மனசு நிறைந்துவிட்டது.

திங்கட்கிழமை அவள் கடை வாசலில் நின்றாள். அழுது முடித்துவிட்டு வந்த முகம்.

"கித்தாரக் குடுத்துடுங்கண்ணே. மெட்ராஸுக்கு எடுத்துட்டுப் போய் சரி பண்ணிக்கிறேன்."

"ஏம்மா, அதான் கச்சேரி முடிஞ்சிடுச்சே. இனிமே என்ன அவசரம்?"

அவள் அவரையே பார்த்தாள். "ஆமாண்ணே. முடிஞ்சிடுச்சு. இனிமே நீ வரவேணாம்னு மாஸ்டரு சொல்லிட்டாரு," என்றாள். "நீங்களே வச்சிக்கங்க. வூட்ல வச்சிப் பாத்துக்குனே இருந்தா எனக்கு மனசே ஆறாது."

கமலக்கண்ணன் ஏமாற்றுப் பேர்வழி அல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சத்தம் வராத கித்தாருக்கு உண்டான நல்ல விலையைக் கொடுத்துத்தான் வாங்கினார். சத்தம் வந்திருந்தால் அதில் பாதிகூடக் கிடைத்திருக்காது என்பதையும் அவளுக்கு எடுத்துச் சொன்னார். அவள் ஒரு ஜவுளிக்கடையில் புடவை பிரித்துக் காட்டும் வேலைக்குச் சேர்ந்தாள்.

சில மாதங்களில் சங்கம் ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தது. வாடகை மண்டபம், குத்துவிளக்கு, கண்ணாடிப் பெட்டிகள், பெட்டிக்குப் பெட்டி 'தொடாதீர்'. எல்லாம் அமைந்தும் ஒரு குறை. வாசிக்கிறவர் யாராவது ஒருத்தர் போட்டோவில் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று ஆகாஷ் சொன்னான். ஊரில் பாஸ் வாசித்தவர்களுக்குக் கமலக்கண்ணன் போன் மேல் போன் போட்டார். அய்யப்பன் மூலக்குளத்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். வெற்றிவேல் டைல்ஸ் கடையில் இருந்தார். கன்னியப்பன் அப்பாவோடு படகில் போயிருந்தான். இந்தக் காலத்தில் கலை ஆர்வம் இப்படிக் குறைந்துவிட்டதே என்று கமலக்கண்ணன் மனம் நொந்துபோனார். கடைசியில் சிவசங்கரி மட்டும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்துவிட்டுப் போவதாகச் சொன்னாள்.

ஜவுளிக்கடைச் சீருடைப் புடவையிலேயே வந்தாள். கண்ணாடிக்குள் மாமனின் கித்தார் விளக்கு வெளிச்சத்தில் கிடந்தது. அவள் விரல்கள் தானாக மடங்கி நீண்டன.

"வாசிக்கணுமாண்ணே?" குரலில் ஆசை இருந்தது.

முசே பதறிக் குறுக்கே வந்தார். "வேணாம்மா, வேணாம்! பக்கத்துல நின்னா போதும். ஊர்ல மிச்சம் இருக்குற ஒரே பாஸ் பிளேயர் நீதான். உன்னயும் பத்திரமாப் பாத்துக்கணும்ல?"

போட்டோ எடுத்தார்கள். பிறகு, ஊர் வழக்கப்படி, 'ரெண்டு வார்த்தை' பேசச் சொல்லி மைக்கைக் கையில் திணித்தார்கள். அதற்கு முன்பு செயலாளருக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றாள் சிவசங்கரி. "எனக்குப் பேச வராது. பாஸ் வாசிக்க ஊர்ல ஒரு ஆளும் கெடைக்கலன்னு அண்ணன் போன்ல வருத்தப்பட்டாரு. ஏன் கெடைக்கலன்னு எனக்குத் தெரியும். அய்யப்பண்ணன், வெற்றிவேலண்ணன், கன்னியப்பன், நான். நாங்க நாலு பேரும் அண்ணன் கடையில ரிப்பேருக்குக் குடுத்தவங்க. வேற ஒண்ணும் இல்ல. கடைக்கு நேரமாச்சு, போறேன்."

கூட்டம் மண்டபம் அதிரக் கைதட்டியது. பொன்னாடைக்குள் கமலக்கண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார். முசே மட்டும் முகம் வெளிறி அவர் காதோரம் குனிந்தார்.

"நாலு பேருன்னு சொல்லுதே அந்தப் பொண்ணு. நாலு கித்தாரும் நம்மகிட்ட பத்திரமாத்தானே இருக்கு?"