பெண் பார்க்கப் போன ஹெட்லைட்

எங்கள் ஊர்க்காரர்கள் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வார்கள். பகலில் எரியும் விளக்கை மட்டும் பொறுக்கமாட்டார்கள். வண்டியின் ஹெட்லைட் எரிவதைப் பார்த்துவிட்டால், எதிரே வருகிறவர் ஐந்து விரலையும் விரித்துக் குவித்து, விரித்துக் குவித்துக் காட்டாமல் நகரமாட்டார். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூட இதை மட்டும் சொல்லிவிடுவார். திருவண்ணாமலையில் இந்த உபகாரத்தை என் அளவுக்கு வாங்கிக் கட்டிக்கொண்டவன் வேறு எவனும் இருக்க முடியாது.

அறுபதுகளின் தொடக்கம். நான் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. வேலை கிடைத்த கையோடு உலக விஷயங்களில் அபிப்பிராயம் சொல்லும் வியாதியும் வந்திருந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டில் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு பஸ் ஓட்டிப் பார்க்கிறார்களாம். அதனால் விபத்து குறையுமா, குறையாதா என்று விவாதமாம். பத்திரிகையின் ஒரு மூலையில் வந்த செய்தி. மீதி விவாதத்தை நான் எங்கள் தெரு சலூனில் நடத்தினேன். (முகத்தில் சோப்பு நுரையோடு இருப்பவர் எழுந்து போக முடியாது.)

என் முக்கிய எதிரி அக்கா புருஷன். மாமாவிடம் ஒரு பழைய சீமைக் கார் இருந்தது.

"சூரியன் இருக்கறப்ப உன் வெளக்கு எதுக்குடா? பாட்டரிதான் போவும்" என்றார்.

கல்யாணத்தில் பட்டப்பகலில் குத்துவிளக்கு ஏற்றுகிறோமே, அது இருட்டுக்கா என்று மடக்கினேன். மாமா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அதை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்க்கக் கீழ்பென்னாத்தூருக்குக் கிளம்பினோம். காரை நானே ஓட்டுவேன் என்று அடம்பிடித்தேன். அம்மா, அக்கா, மாமா மூவரும் ஏறி உட்கார்ந்ததும், கொள்கைப்படி விளக்கைப் போட்டேன். பெண் பார்க்கப் போகிற பிள்ளையோடு சண்டை எதற்கு என்று மாமா விட்டுவிட்டார்.

ஊரைத் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டது. சைக்கிளில் வந்தவர் ஒரு கையை விட்டு விரலை விரித்தார். புல்லுக்கட்டு சுமந்து வந்த அம்மாள், கட்டைப் பிடித்திருந்த கையை எடுத்து விரித்தார். பஸ் டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டி விரித்தார். கீழ்பென்னாத்தூரை நெருங்கும்போது, மல்லாட்டை (எங்கள் பக்கத்து வேர்க்கடலை) மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர் மாட்டை நிறுத்தி, இறங்கி, ரோட்டின் நடுவில் நின்று, "வெளக்கு எரியுதுங்க" என்றார். தெரிந்துதான் போட்டிருக்கிறேன் என்று காரணத்தோடு விளக்கினேன். அவர் பின்சீட்டில் இருந்த மாமாவை அனுதாபத்தோடு பார்த்தார். அதன்பிறகு விளக்கம் சொல்வதை விட்டு, விரல் விரித்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டே போனேன். எலெக்‌ஷனில் நிற்கிறாயா என்று அம்மா கேட்டாள்.

ஆர்வக்கோளாறில் வேகமாக ஓட்டியதால், சொன்ன நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே பெண் வீட்டு வாசலில் இருந்தோம். கார் வைக்கோல் போரைப் பார்த்தபடி நின்றது. இறங்கினேன். விளக்கை அணைக்கவில்லை. (பகலில் எரியும் விளக்கு ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தெரியாது. எந்தப் பத்திரிகையும் இதைப் போடவில்லை.)

கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. பெண் வந்தாள். காபியை வைத்துவிட்டு ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. மல்லாட்டை வியாபாரியான அவள் அப்பா, சாவகாசமாகப் பேசி முடித்து, யோசித்துச் சொல்லி அனுப்புவதாக வழியனுப்ப வந்தார்.

கார் கிளம்பவில்லை. முனகக்கூட இல்லை. மாமா முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றிச் சுற்றி வியர்த்தார். பெண்ணின் அப்பாவும் சித்தப்பாவும் பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். வருங்கால மாமனார் மூச்சிரைக்கத் தள்ள, மாப்பிள்ளை நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மாமா விளக்கு சுவிட்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவ்ளோ நேரமும் வெளக்கு எரிஞ்சிக்கினே இருந்துருக்கு" என்றார்.

அப்போதுதான் பெண்ணின் அத்தை பேசினாள். "பகல்ல தனியா வெளக்கு எரியறது சாவு ஊட்ல, தலமாட்டுலதான். நல்ல காரியத்துக்கு வந்த வண்டியில இப்பிடியா?"

பெண்ணின் அப்பா முகம் மாறியது. சலூனையே கிடுகிடுக்க வைத்த என் குத்துவிளக்கு வாதம் இந்த வாசலில் செல்லாது. எல்லாம் போச்சு என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

கதவோரத்திலிருந்து பெண் பேசினாள். "அந்த வெளக்காலதான் அத்தை நான் தப்பிச்சேன். மாடியில அழுக்குப் பொடவையோட மல்லாட்டை காய வச்சிக்கினு இருந்தேன். ஏரிக்கரையில வெளக்கு வர்றதப் பாத்துட்டுத்தான் ஓடிப்போய் மூஞ்சி கழுவினேன். இல்லன்னா அந்தக் கோலத்துலதான் பாத்துருப்பாங்க."

பெண் பார்க்கும் இடத்தில் பெண் வாயைத் திறப்பதே அதிசயம். இவளோ தன்னைப் பற்றிய ரகசியத்தையே போட்டு உடைத்து என்னைக் காப்பாற்றினாள். அவள் அப்பா ஒரு கணம் திகைத்து, பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அத்தையும் சிரித்துவிட்டாள். இத்தனை வருஷமாகியும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு நன்றியில் நெஞ்சு நிறைகிறது.

உருட்டிவிட்டுக் கிளப்பலாம் என்று, அவர்கள் வீட்டு மாடுகளே காரை ஏரிக்கரை இறக்கம் வரை இழுத்து வந்தன. எதிரே, மூட்டையை இறக்கிவிட்டு அதே வண்டிக்காரர் திரும்பி வந்தார். இந்தத் தடவை விரலை விரிக்கவில்லை. குவித்து மட்டும் காட்டினார், விளக்குத்தான் அணைந்துவிட்டதே.

இப்போது வருகிற பைக்குகளில் விளக்கை அணைக்க சுவிட்சே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன், ஒப்புக்கொள்ளத்தான் மாமா இல்லை. வீட்டில் நான் எந்த அபிப்பிராயத்தை ஆரம்பித்தாலும் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் சாப்பிடுகிற கையோடு விரலை விரித்துக் குவிக்கிறார்கள். என் மனைவி மட்டும் இன்றுவரை அப்படிக் காட்டியதில்லை.

"எரிஞ்சா எரியட்டும் வுடுங்க" என்பாள். "எனக்கு அதுதான் மொதல்ல தெரிஞ்சுது."